மழைத்துளி நுழைந்த வழி

தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுகூட இல்லாத ஊரிலிருந்து தொலைக்காட்சியின் மேல் ஓர் ஐயம் புறப்பட்டு வந்ததை, தேசிய அறிவியல் ஒளிபரப்பு வாரியம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் தூத்துக்குடி. ஆண்டு எழுபத்தாறு, நெருக்கடி நிலைக் காலம். ஐயத்தை அனுப்பியவர் எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் கிருபாநிதி. அதே பள்ளியில் நான் தமிழ் வாத்தியார், பெயர் பிச்சையா. நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரீட்சைத் தாள் திருத்தச் சென்னைக்குப் போன கிருபாநிதி, ஒரு சாயங்காலம் பூங்காவில் பொதுமக்களுக்கென்று வைத்திருந்த பெட்டியின் முன் நின்று ஒரு படம் பார்த்தார். ‘கடலன்னையின் கொடை’ என்று பெயர். முத்து எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் அறிவியல் படம். முப்பது நிமிடம். மனிதர் கையில் கடிகாரம் வேறு கட்டியிருந்தார். வாரியத் தலைவர் பேசியது பதினொரு நிமிடம். மூன்று மதப் பெரியவர்களும் கடலுக்கு ஆசி வழங்கியது எட்டு நிமிடம். நாடு முன்னேறுவதைப் பெண்கள் ஆடிக்காட்டியது ஆறு நிமிடம். சுவாதி நட்சத்திரத்தன்று விழுந்த மழைத்துளி சிப்பியின் வாய்க்குள் போய் முத்தானது நாலு நிமிடம். மீதி நேரத்தில் ஒரு சிப்பியைக் காட்டினார்கள். அதுவும் முத்துச்சிப்பி இல்லை, நம் கடற்கரையில் குழம்பு வைக்கிற மட்டி.

லாட்ஜுக்குத் திரும்பியதும் ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டுவிட்டார். முத்து மழைத்துளியால் உண்டாவதில்லை, சிப்பியின் உடம்புக்குள் ஏதாவது புகுந்து உறுத்தினால் அதைச் சுற்றிச் சிப்பி சுரக்கிற படலந்தான் முத்து என்று இரண்டு வரி. காட்டியது முத்துச்சிப்பி இல்லை, மட்டி என்று ஒரு வரி. அடுத்து, ‘அறிவியல் படத்தில் அரசியலும் மதமும் போக மீதி எவ்வளவு என்று தெரிவிக்கக் கோருகிறேன்’ என்று ஒரு வரி. அதன் கீழே பெயர், படிப்பு, பள்ளி, மில்லர்புரத்து வீட்டு எண், தெரு எல்லாம். நாசரேத்துப் பள்ளியில் படித்தவர்கள் முழு முகவரி எழுதாமல் கார்டை மூட மாட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஜூலை மாதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அந்தச் சமயத்தில் ஜீப் என்றாலே ஊரில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். துறைமுக யூனியனில் குமாஸ்தாவாக இருந்த பொன்னுதுரையைச் சின்ன விசாரணை என்று ஒரு ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதமாகியும் அவர் வீட்டுக்கு ஒரு தகவல் இல்லை. எதற்காக என்று கேட்கப் போன மைத்துனரும் அடுத்த வாரமே கேட்பதை நிறுத்திவிட்டார்.

இந்த ஜீப்பிலிருந்து ஒரு சிறப்பு அலுவலர், ஒரு கேமராக்காரர், தட்டச்சுப் பொறியை மடியில் வைத்திருந்த ஒரு எழுத்தர், ஒரு எஸ்.ஐ. ஆகியோர் இறங்கினார்கள். சிறப்பு அலுவலரின் பெயர் செந்தில்வேல். வாரியத்தின் ‘நேயர் ஐயம் களையும் பிரிவு’க்குத் தலைவர். பார்க்க நல்ல மனிதர், சிரித்த முகம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தலைமையாசிரியர் தனராஜ் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். கிருபாநிதியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பில் தவளை அறுத்துக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் வந்தார். அலமாரியிலிருந்து ஏதோ அகராதி எடுத்துத் தரச் சொன்னார்கள் என்று நானும் அங்கே மாட்டிக்கொண்டேன்.

“வாருங்கள், உங்களைக் காணத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்,” என்றார் செந்தில்வேல். “முதலில் படிவத்தை நிரப்பிவிடலாம். தொலைக்காட்சி உரிம எண்?”

“எங்கிட்ட டிவி கிடையாது சார். பார்க்குல நின்னு பாத்தேன்.”

“உரிமம் இல்லாமல் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் ஐயப்படக் கூடாது. பரவாயில்லை, அதை அபராதப் பகுதியில் சேர்த்துக்கொள்வோம். ஐயத்தின் வகை? இரண்டு உண்டு. அரசியல், மதம். பொருந்தாததை அடித்துவிடுங்கள்.”

கிருபாநிதி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னோடது ரெண்டும் இல்ல சார். அறிவியல் ஐயம்.”

செந்தில்வேல் அன்போடு சிரித்தார். “அறிவியலில் ஐயத்துக்கு இடமே இல்லை. வாரியத்தின் அடிப்படைக் கொள்கையே அதுதான். அதனால் அந்த வகையைப் படிவத்தில் அச்சடிக்கவில்லை. நீங்கள் அரசியல் என்று போட்டால் படிவம் இவரிடம் போகும்.” எஸ்.ஐ.யைக் காட்டினார். “மதம் என்று போட்டால் உங்கள் பள்ளி நிர்வாகத்துக்குப் போகும். மூன்று மதத்தையும் ஒருசேரப் புண்படுத்திய ஆசிரியரை நிர்வாகம் வைத்துக்கொள்ளுமா என்பது அவர்கள் விருப்பம்.”

எஸ்.ஐ. சுவரில் இருந்த தவளைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனராஜுக்கு வேர்த்து ஊற்றியது.

“சார், நீரு சும்மா இருந்திருக்கலாம்லா?” என்று கிருபாநிதியிடம் முணுமுணுத்தார். “ஒம்ம கார்டுக்கு என் நாக்காலி ஆடுது வே.”

“படத்துல அரசியல் இருந்துச்சுன்னுதான சார் எழுதினேன்.”

“எங்கள் படங்களில் அரசியல் கிடையாது,” என்றார் செந்தில்வேல். “தலைவர் பேசினார், அவ்வளவுதான். மதமும் கிடையாது. ஒரு மதத்தைக் காட்டினால்தான் மதம். மூன்றைக் காட்டினால் ஒருமைப்பாடு. அறிவியல் எங்கே என்று கேட்கிறீர்கள். அறிவியலை நேராகக் காட்டினால் மக்கள் குழம்பிப்போவார்கள். ஆகவே அதை நாங்கள் படம் முழுவதும் யார் கண்ணுக்கும் தெரியாதபடி பரப்பியிருக்கிறோம்.” எழுத்தர் இதையும் தட்டச்சு செய்தார்.

வேறு வழி இல்லையா என்று தனராஜ்தான் கெஞ்சலாகக் கேட்டார். இருந்தது. ஏழாம் எண் படிவம். நேயரின் முன்னிலையில் செய்முறை விளக்கம் நடத்தி, ‘என் ஐயம் நீங்கியது’ என்று அவர் கேமராவுக்கு முன் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோப்பு மூடப்படும். அதோடு அந்தப் பகுதியைச் சேர்த்துப் படத்தை மறுபடி ஒளிபரப்புவார்கள். மழைத்துளியால் முத்து வரும் என்பதற்கு இலக்கியச் சான்றும் ஒன்று வேண்டும், தமிழாசிரியர் யாரும் உண்டா என்று செந்தில்வேல் கேட்டார். தனராஜ் என்னைக் கைகாட்டினார்.

நான் எழுதிக் கொடுத்தேன். பழைய பாட்டெல்லாம் அப்படித்தான் சொல்கிறது, நான் பொய் எழுதவில்லை. ஆனால் பாட்டு வேறு பாடம் வேறு என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டேன். எழுத்தர் அதை அறிவியல் ஆதாரம் என்று தலைப்பிட்டுத் தட்டச்சு செய்தபோது எஸ்.ஐ. என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் எனக்கு எந்த வரியும் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் மில்லர்புரத்துக்குக் கூடவே போனேன். கிருபாநிதியின் மனைவி ஞானபாக்கியம் எல்லாம் கேட்டுவிட்டு முற்றத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

“கையெழுத்தப் போட்டுக் குடுத்துருங்க. முத்து மழையில வந்தா நமக்கென்ன, கொழுக்கட்டையில வந்தா நமக்கென்ன?”

“வர்ற வாரம் பத்தாம் கிளாசுக்கு மெல்லுடலிகள் பாடம், பாக்கியம். நான் என்னன்னு நடத்த?”

“பொன்னுதுரை பொஞ்சாதி தெனம் சாயந்தரம் சப்-ஜெயில் வாசல்ல போயி நிக்கா. அங்கன அவரு இல்லன்னு சொல்லியாச்சு, அப்பவும் போயி நிக்கா. நானும் அங்கன போயி நிக்கவா?” என்று கேட்டவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க.”

நான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிடச் சொன்னேன். கிருபாநிதி கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

செய்முறை விளக்கத்துக்கு மழை வேண்டும். ஜூலையில் தூத்துக்குடியில் மழை கேட்டு வந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. உப்பு விளையும் காலம் அது. ஒரு தூறல் விழுந்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். செந்தில்வேலோ உள்ளூரின் மூன்று மதப் பெரியவர்களையும் கடற்கரைக்கு வரவழைத்து, மழைக்கு வேண்டச் சொல்லிக் கேமராவை ஓடவிட்டார். தள்ளி நின்ற உப்பளத்துப் பெண்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஏளா, கவருமெண்டே மழைக்குக் கும்பிடுதாம். பெஞ்சா நம்ம வீட்டு ஒலையில எதப் போட?” என்று சண்முகத்தாய் என்பவள் கத்தியேவிட்டாள். எஸ்.ஐ. திரும்பிப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பெரியவர்கள் மூவருக்குமே உப்பளத்தில் ஆட்கள் உண்டு. ஆகவே மூவரும் உதடு மட்டும் அசையும்படி வேண்டினார்கள். இரண்டு நாள் வேண்டியும் மேகம் வரவில்லை. ஊரே மூவரையும் மெச்சிக்கொண்டது. செந்தில்வேல் தீயணைப்பு வண்டிக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்தது சிப்பி. போன படத்தில் மட்டியைக் காட்டிய தவற்றைக் கார்டு சுட்டியிருந்ததால், இந்த முறை அசல் முத்துச்சிப்பி வேண்டும் என்பதில் வாரியம் உறுதியாக இருந்தது. அந்தக் காலத்தில் சலாபம் என்கிற முத்துக்குளிப்புப் பருவங்களில் கடலில் இறங்கிய தொம்மை பர்னாந்தைப் பிடித்து வந்தார்கள். ஐம்பது தாண்டிய ஆள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

“பாரு செத்துக் கெடக்கு சார்,” என்றார் அவர். பார் என்றால் கடலடியில் சிப்பி விளைகிற திட்டு. “அறுபத்தொண்ணோட எல்லாம் போச்சு. அதுவும் இது காத்துக் காலம், தண்ணி கலங்கிக் கெடக்கு. எங்கன போயி எடுக்கச் சொல்லுதிய?”

“கடலில் வளம் குறைந்தது என்று பேசக்கூடாது,” என்றார் செந்தில்வேல். “அது அரசியல்.”

வள்ளத்தில் நாங்களும் போனோம். ஐயப்பட்டவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. சான்று தந்தவரும் இருக்க வேண்டுமாம். தொம்மை சிலுவை போட்டுக்கொண்டு குதித்தார். வெறுங்கையோடு வந்தார். ஆறு தடவை அப்படி. ஏழாவது தடவை போனவர் வரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவன் அதை இழுத்து இழுத்துப் பார்த்தான். கேமரா மட்டும் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தலை தெரிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வழிய வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார். கையில் ஒரே ஒரு சிப்பி.

“வெளிச்சம் சரியில்லை,” என்றார் செந்தில்வேல். “இன்னொரு முறை.”

“போதும் சார்! அந்த மனுசன் செத்துருவாரு!” கிருபாநிதி எழுந்ததில் வள்ளம் ஆடியது.

“ஐயம் உங்களுடையது. அவர் உங்களுக்காகத்தான் மூழ்குகிறார்.”

“என் ஐயம் போயிட்டு சார். சத்தியமா போயிட்டு. அவர விட்ருங்க.”

செந்தில்வேல் வருத்தத்தோடு தலையசைத்தார். “இன்னும் நாங்கள் நிரூபிக்கவே இல்லையே. நிரூபிக்கும் முன்னால் ஐயம் நீங்கினால் அது மூடநம்பிக்கை. வாரியம் அதற்குத் துணைபோக முடியாது.”

தொம்மை மறுபடியும் இறங்கத்தான் செய்தார். எடுத்துவந்த சிப்பியையே கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, அதையே மறுபடியும் எடுத்துவந்தார். அதைத்தான் படத்தில் சேர்த்தார்கள்.

கரையில் ஊரே கூடியிருந்தது. சிப்பியை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, அதன் வாய் மூடாமலிருக்க இரண்டு தீக்குச்சிகளை முட்டுக் கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டி குழாயை வானத்துக்குப் பிடித்து மழை பெய்வித்தது. முத்து முதிர்வதற்கென்று நாற்பது நிமிடம் ஒதுக்கி, சிப்பியை ஒரு கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். வாசலில், ‘உள்ளே அறிவியல் நடைபெறுகிறது, யாரும் நுழையக் கூடாது’ என்று பலகை மாட்டினார்கள். வெளியே வாரியத் தலைவரின் வாழ்த்துரையை ஒலிநாடாவில் போட்டார்கள். அது சரியாக நாற்பது நிமிடம் ஓடியது.

தட்டு வெளியே வந்தது. செந்தில்வேல் கத்தியால் சிப்பியைத் திறந்தார். உள்ளே ஒரு முத்து இருந்தது. பட்டாணி அளவு, நல்ல உருண்டை, நல்ல ஒளி. எழுத்தர் கை தட்டினார்.

வேறு யாரும் தட்டவில்லை. தூத்துக்குடிக்காரன் பசியைக்கூட மறைப்பான், முத்தைப் பார்த்தால் அவன் கண் மறைக்காது. முன்வரிசையில் நின்ற கிழவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்.ஐ. தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“என்ன?” என்றார் செந்தில்வேல். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. “ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறீர்கள்?”

மூக்கில் பஞ்சு வைத்திருந்த தொம்மைதான் சொன்னார். “முத்துல தொள இருக்கு சார். மாலை கோக்கதுக்குப் போடுத தொள.”

செந்தில்வேல் முத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கடையில் வாங்கி வந்தவன் எவனோ, அவனை நினைத்தாரோ என்னவோ, ஒரு கணம் அந்தச் சிரித்த முகம் செத்துப்போனது. எஸ்.ஐ.யைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“மழைத்துளி நுழைந்த வழி,” என்றார். “எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுத்தர் தட்டினார்.

“இப்போது சொல்லுங்கள். உங்கள் ஐயம் நீங்கியதா?”

எஸ்.ஐ. கிருபாநிதிக்குப் பின்னால் வந்து நின்றார். கூட்டத்தில் ஞானபாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. சொல்லித் தொலையும் மனுசா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“நீங்கிட்டு சார்,” என்றார் கிருபாநிதி. “பாக்கிற ஜனங்களுக்கும் நீங்கட்டும். நான் கொஞ்சம் பக்கத்துல காட்டவா?”

முத்தை வாங்கினார். வகுப்பில் தவளையின் இதயத்தைக் காட்டுகிற மாதிரி விரல்நுனியில் வைத்து, துளை நேராகத் தெரியும்படி கேமராவின் கண்ணுக்கு முன் பிடித்தார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, எச்சில் தொட்டு முறுக்கி, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். முத்து நூலில் ஆடியது.

“இந்தா, இப்படித்தான் தண்ணி உள்ள போகும்,” என்றார், பாடம் நடத்துகிற குரலில்.

“அருமை!” என்றார் செந்தில்வேல். “இவ்வளவு எளிமையாக எங்கள் நிபுணர்கள்கூட விளக்கியதில்லை.”

ஏழாம் எண் படிவத்தில் கையெழுத்தாயிற்று. ஜீப் போயிற்று. அடுத்த வாரம் கிருபாநிதி மெல்லுடலிகள் பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினார். நான் அந்த வகுப்பு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

செப்டம்பரில் படம் ஒளிபரப்பாயிற்று என்று கேள்வி. எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை. நவம்பரில் வாரியத்திலிருந்து இரண்டு சாக்குமூட்டை வந்து இறங்கியது. கூடவே ஒரு கடிதம். படத்தைப் பார்த்து ஐயம் எழுப்பியவர்கள் ஆயிரத்து நூறு பேர். ஐயம் நீங்கியதாகச் சான்று பெற்ற ஒரே நேயர் கிருபாநிதி என்பதால், விதிப்படி அவரே எல்லாருக்கும் பதில் அனுப்ப வேண்டும். ‘தங்கள் ஐயம் நீக்கப்பட்டது’ என்று அச்சடித்த ஆயிரத்து நூறு பதில் கார்டுகளும் இருந்தன. முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

கார்டுகளைப் பிரித்தோம். சேலத்திலிருந்து ஒரு கம்பவுண்டர், திருச்சியிலிருந்து ரயில்வேக்காரர், காஞ்சிபுரத்திலிருந்து தறிக்காரர். சென்னையில் சொந்தக்காரர் வீட்டிலோ பூங்காவிலோ பார்த்திருப்பார்கள் போலும். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். முத்தில் துளை எப்படி வந்தது? சிலர் கூடவே, அந்த ஆசிரியர் நலமாக இருக்கிறாரா என்றும் கேட்டிருந்தார்கள். அத்தனை பேரும் முழு முகவரி எழுதியிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் கிருபாநிதிக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து, அச்சடித்த வரிக்குக் கீழே எழுதினார்: ‘நீங்கள் பார்த்தது சரி. அடுத்த முறை முகவரி எழுத வேண்டாம்.’ கீழே தன் பெயரையும் பள்ளியையும் மில்லர்புரத்து வீட்டு எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கார்டை எடுத்தார்.

“பிச்சையா சார், பாதி நீங்க எழுதுதியளா? உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.”

எனக்குக் கைவலி என்றேன். பதினெட்டு நாள் அவரே எழுதினார். கடைசிக் கட்டைத் தபால் பெட்டியில் போட்ட அன்று இரண்டு சட்டை, ஒரு வேதாகமம், பல்பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து வாசலருகே மாட்டிவிட்டார். ஞானபாக்கியம் அந்தப் பையைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

டிசம்பரில் ஜீப் வந்தது. நான் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தேன். கிருபாநிதி எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஞானபாக்கியம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இறங்கிய செந்தில்வேல் கையில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று இருந்தது.

“வாழ்த்துகள்! நீங்கள் பதில் அனுப்பிய ஆயிரத்து நூறு பேரில் ஒருவர்கூட முகவரியோடு மறுபடி எழுதவில்லை. முகவரி இல்லாத கார்டை ஐயமாகக் கணக்கிடக் கூடாது என்பது விதி. ஆகவே இந்தக் காலாண்டில் நாட்டில் ஐயம் இல்லை. எங்கள் பிரிவு அதன் நோக்கத்தை அடைந்துவிட்டது.”

“முகவரி இல்லாததுன்னா, வருதா சார்?” என்று மெல்லக் கேட்டார் கிருபாநிதி.

“எங்களுக்கு எதற்கு வரப்போகிறது?” என்றார் செந்தில்வேல். அவர் கண்கள் சுவரைப் பார்த்தன. “எல்லாம் உங்களுக்கு வரலாம். நாட்டிலேயே முகவரி போட்டுப் பதில் எழுதியவர் நீங்கள் ஒருவர்தானே.”

ஜீப் தெருமுனை திரும்பியதும் தபால்காரர் வந்தார். அன்றைக்கு நாற்பத்து மூன்று கார்டு. ஒன்றிலும் அனுப்பியவர் முகவரி இல்லை. கிருபாநிதி பையைக் கழற்றாமலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு கார்டில் மட்டும் நின்றார். ‘மழைத்துளியால் முத்து வராது. சான்று எழுதிக் கொடுத்தவனுக்கும் அது தெரியும்’ என்று அதில் இருந்தது. முத்து முத்தான அந்தக் கையெழுத்தை இரண்டு முறை பார்த்தார். எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒன்றும் கேட்காமல், அதை மற்றக் கார்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்தார்.